ஸ்டவர்ஹெட்: ஏரிக்கு அந்தப் பக்கம் தெரியற கோயில்

இங்கிலீஷ் கார்டன்னு சொன்னா நம்மள்ல நிறைய பேருக்கு ரோஜா, லாவெண்டர், வீட்டு வாசல்ல படர்ற கொடி, இதெல்லாம்தான் கண்ணு முன்னாடி வரும். அதுவும் அழகுதான், ஆனா நான் சொல்ல வர்றது வேற. 18-ம் நூற்றாண்டுல அந்த நாட்டுல லேண்ட்ஸ்கேப் கார்டன்னு ஒரு வகை பிறந்துச்சு, அதுல பூ ரொம்பக் கம்மி, பாத்தி கிடையாது, நேர்கோடு கிடையாது, ஏரி, புல்மேடு, மரக்கூட்டம், அங்கங்க கிரேக்க ரோமானியக் கோயில் மாதிரி சில கட்டடம். கேக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனா அதுக்குள்ள ஒரு ரவுண்டு நடந்து வந்தா மனசுக்கு என்னமோ ஆயிடும். அந்த வகையில எனக்கு உயிரா இருக்கிற இடம் ஸ்டவர்ஹெட்.

வில்ட்ஷயர் மாவட்டத்தோட மேற்கு ஓரம், சாமர்செட்டும் டார்செட்டும் வந்து ஒட்டுற மூலை. ஸ்டவர்ட்டன்னு ஒரு குட்டி ஊரு, அதை ஒட்டி ஒரு பள்ளத்தாக்கு, ஸ்டவர் ஆறு ஊற்றெடுக்கிற இடமே அதுதான். அங்கேருந்து கிளம்பி டார்செட் முழுக்கச் சுத்தி கிரைஸ்ட்சர்ச் கிட்ட கடல்ல சேருது. ஸ்டவர்ட்டன் பரம்பரைன்னு ஒரு குடும்பம் பல நூறு வருஷம் இந்த நிலத்தை ஆண்டிருக்கு, அவங்க குலச்சின்னத்துலயே 6 ஊற்று வரைஞ்சிருக்கும். அவங்க கையை விட்டுப் போன கொஞ்ச நாள்ல, 1717-ல, லண்டன் பேங்கர் ஹென்றி ஹோர் இதை வாங்கினாரு. பழைய மாளிகையை இடிச்சிட்டு, காலன் கேம்பெல்னு ஒரு ஆர்க்கிடெக்ட்டை வச்சு 1720-கள்ல இத்தாலிய பலாடியன் பாணியில புது வீடு கட்டினாரு, ஆனா வாழக் குடுத்துவைக்கல, 1725-லயே போயிட்டாரு. தோட்டம் அவரோட மகன் போட்டது. அவர் பேரும் ஹென்றி ஹோர்தான், குழப்பம் வரக்கூடாதுன்னு வீட்டுல அப்பாவை 'நல்ல ஹென்றி', மகனை 'பிரமாத ஹென்றி'ன்னு பிரிச்சுச் சொல்லியிருக்காங்க. நான் இங்க ஹென்றின்னு சொன்னா அது மகனைத்தான்.

இவர் 1738-லேருந்து 1741 வரைக்கும் இத்தாலி சுத்தினாரு. அந்தக் காலத்துல பணக்கார இங்கிலீஷ் பசங்க எல்லாரும் ரோம், நேப்பிள்ஸ்னு போய் பழைய இடிபாடு பாத்து, சிலை வாங்கி, படம் வாங்கி வர்ற வழக்கம் உண்டு, இவர் கொஞ்சம் லேட்டா, முப்பது வயசுக்கு மேல போனாரு. திரும்பி வந்த 1741-ல அம்மா இறந்துபோக, வீடும் நிலமும் இவர் கைக்கு முழுசா வந்துச்சு. வீட்டுச் சுவர்ல இயற்கைக் காட்சி ஓவியங்களை மாட்டி வச்சிருந்த மனுஷன், ஜன்னலுக்கு வெளிய போய் அதே மாதிரி ஒரு படத்தை மண்ணாலயும் தண்ணியாலயும் வரைய ஆரம்பிச்சாரு, அதுக்கப்புறம் கிட்டத்தட்ட நாப்பது வருஷம் அதை விடவே இல்ல.

அந்த நாப்பது வருஷத்துக்கு முன்னாடி தோட்டம்னா என்னன்னு ஒரு தடவை நினைச்சுப் பாருங்க. ஐரோப்பா முழுக்க பிரான்ஸ்ல இருக்கிற வெர்சாய் அரண்மனைத் தோட்டம் மாதிரிதான் வேணும்னு அலைஞ்ச காலம். ஆந்த்ரே லெ நோத்ர் போட்டுக் குடுத்த கணக்கு, அரண்மனை நடுவுல, அதுலேருந்து ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி பாதை, கத்தரிச்ச வேலி, ரெண்டு பக்கமும் அச்சு அசலா ஒரே மாதிரி. ராஜா மாடியில நின்னு பாத்தா எல்லாமே ஒரே பார்வையில தெரியணும், அதுக்குத்தான் அந்த ஏற்பாடு. இங்கிலாந்துல வில்லியம் கென்ட் மாதிரி ஆளுங்க இதை உடைச்சாங்க. வேலி தெரியக்கூடாதுன்னு ஹா-ஹான்னு ஒண்ணு வந்துச்சு, ஒரு பக்கம் சரிவு, இன்னொரு பக்கம் செங்குத்தான சுவர், மொத்தமும் பள்ளத்துக்குள்ள, தூரத்துலேருந்து பாத்தா கண்ணுக்கே தெரியாது, மாடு உள்ள வர முடியாது, ஆனா புல்வெளி அப்படியே தொடுவானம் வரைக்கும் ஓடுற மாதிரி இருக்கும். அதே 1741-லதான் ஸ்டோ தோட்டத்துல லான்ஸ்லாட் பிரவுன்னு ஒரு இளைஞன் வேலைக்குச் சேர்ந்தாரு, பின்னாடி 'கேப்பபிலிட்டி' பிரவுன்னு நாடு முழுக்கப் பேர் வாங்கின அவரேதான். பிரவுன் போட்ட இடங்களும் பாத்திருக்கேன், பிளென்ஹைம் ஏரி சத்தியமா பிரமாண்டம், ஆனா எனக்கு அது தள்ளி நின்னு வியக்கிற அழகு. ஸ்டவர்ஹெட் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போற அழகு. ஹென்றி பிரவுனைக் கூப்பிடல, கட்டடத்துக்கு மட்டும் ஹென்றி ஃப்ளிட்கிராஃப்ட்னு ஒரு ஆர்க்கிடெக்ட்டை வச்சுக்கிட்டாரு, நிலத்தோட யோசனை மொத்தமும் ஹோரோடது.

இதுல அவர் பண்ணின முக்கியமான காரியம் என்னன்னா, தோட்டத்தை வீட்டுக்கு முன்னாடி போடல. வீட்டுலேருந்து பாத்தா ஏரியே தெரியாது. மேட்டுல வீடு, மரங்களுக்கு நடுவுல கொஞ்ச தூரம் நடந்து ஒரு சரிவு வரணும், அங்க வந்தாதான் கீழ பள்ளத்துல தண்ணி மின்னும், தண்ணிக்கு அந்தப் பக்கம் வெள்ளையா ஒரு கோயில் நிக்கும். அந்த ஏரியும் இயற்கை இல்ல, ஸ்டவர் ஓடைக்குக் குறுக்க 1750-கள் நடுவுல அணை கட்டி, பழைய மீன் குளங்களையெல்லாம் முழுக வச்சு உண்டாக்கினது. ஆனா கரை வளைஞ்சு வளைஞ்சு போற விதத்தைப் பாத்தா ஆதிகாலத்துலேருந்து அங்கயே கிடக்கிற தண்ணின்னுதான் தோணும்.

எங்கம்மா ஊர்லேருந்து வந்திருந்தப்ப ஒரு அக்டோபர் மாசம் கூட்டிட்டுப் போனேன். உள்ள நுழைஞ்ச உடனே, "என்னடி இது, ஒரு பூவைக் காணோம், இதுக்கா டிக்கெட் வாங்கின"ன்னு கேட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லல, நடங்கம்மான்னு மட்டும் சொன்னேன். பாதி தூரம் வந்தப்ப அவங்களே நின்னு, "அந்தக் கோயில் இப்ப இருந்துச்சு, எங்க போச்சு?"ன்னு மரத்துக்கு நடுவுல எட்டி எட்டிப் பாத்தாங்க, அப்புறம் சொன்னாங்க, "ரயில்ல வரும்போது காவேரிப் பாலத்துல ஸ்ரீரங்கம் கோபுரம் தெரியும் பாரு, ஊருக்குள்ள வந்து தெருவுல திரும்பினா காணாமப் போயிடும், அந்த மாதிரி இருக்குடி." எனக்கு அப்படியே புல்லரிச்சுப் போச்சு, ஏன்னா ஸ்டவர்ஹெட்டைப் பத்தி இதைவிடச் சரியா யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. முதல்ல காட்டும், ஆசை வரும், உடனே மறைச்சிடும், நடக்க வைக்கும், மறந்துட்டோம்னு நினைக்கிறப்ப இன்னொரு பக்கத்துலேருந்து காட்டும், கிட்டப் போனா அங்கேருந்து வேற ஒண்ணு தூரத்துல தெரியும். ரொமான்ஸ்னு இந்தத் தோட்டத்தைச் சொல்றாங்கல்ல, அது இந்த ஏக்கத்துல இருக்கு. கைக்கு எட்டாத ஒண்ணைக் கண்ணுக்கு எதிர்ல வச்சுக்கிட்டே நடக்கிற சுகம்.

சரி, அந்த நடையைக் கொஞ்சம் நிதானமாச் சொல்றேன், ஏன்னா மொத்த விஷயமும் அந்த வரிசையிலதான் இருக்கு.

ஏரியைக் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாச் சுத்தணும். முதல்ல வர்றது ஃப்ளோரா கோயில், 1744-லேருந்து 46-க்குள்ள கட்டினது, ஆரம்பத்துல விளைச்சல் தெய்வம் சீரிஸ் பேர்ல இருந்துச்சு. நாலு தூண் வச்ச சின்ன முகப்பு, கதவுக்கு மேல லத்தீன்ல ஒரு வரி செதுக்கியிருக்கும். ரோமானியக் கவிஞர் வர்ஜில் எழுதின ஈனியட் காவியத்துல ஆறாவது பாகம், கதாநாயகன் ஈனியஸ் இறந்துபோன அப்பாவைப் பாக்கப் பாதாளத்துக்குள்ள இறங்கப் போற இடம், அங்க குறி சொல்றவ கத்துவா, தூரப் போங்க, தகுதியில்லாதவங்க எல்லாம் தூரப் போங்கன்னு. அதே வரி. தோட்டத்து வாசல்ல வந்தவனை வரவேற்காம இப்படி எழுதி வச்சிருக்காரே மனுஷன்! முழுத் தோட்டமும் ஈனியஸோட பயணத்தை வச்சுப் போட்டதுன்னு சில அறிஞர்கள் சொல்றாங்க, சிலர் அப்படிக் கறாராச் சொல்ல முடியாது, அந்தக் காலத்துப் படிச்சவங்களுக்கு வர்ஜில் வாயிலயே இருக்கும், அதான் அங்கங்க வருதுன்னு சொல்றாங்க. எனக்கு ரெண்டாவது கட்சிதான் நியாயமாப் படுது. ஆனா அந்த வரியைப் படிச்சிட்டு நடந்தா நடையே மாறிடும், அது உண்மை.

அங்கேருந்து பாதை தண்ணியை ஒட்டியும் விலகியும் போகும், பெரிய பெரிய பீச் மரம், துலிப் மரம், அப்புறம் திடீர்னு பாதை கீழ இறங்கி இருட்டுக்குள்ள போயிடும். க்ராட்டோ. 1748-ல கட்டின செயற்கைக் குகை. துளைத் துளையா இருக்கிற சுண்ணாம்புப் பாறையை அடுக்கி, மேல ஒரு ஓட்டை மட்டும் விட்டு வெளிச்சம் வர வச்சிருக்காங்க. உள்ள நிஜ ஊற்றுத் தண்ணி ஓடுது. நடுவுல ஒரு மாடத்துல தூங்கிட்டிருக்கிற பொண்ணு சிலை, ஜான் சீயர் பண்ணினது, அவளுக்கு அடியிலேருந்து தண்ணி வழிஞ்சு முன்னாடி இருக்கிற குளிர்ந்த தொட்டியில விழும். முன்னாடி கவிஞர் அலெக்சாண்டர் போப் இங்கிலீஷ்ல ஆக்கின நாலு வரி செதுக்கியிருக்கு, பொருள் கிட்டத்தட்ட இப்படி: இந்தப் புனித ஊற்றைக் காக்கிறவ நான், இந்தத் தண்ணியோட முணுமுணுப்புல தூங்குறேன், என் தூக்கத்தைக் கலைக்காதே, மெல்ல அடி எடுத்து வை, குடிக்கிறதா இருந்தாலும் குளிக்கிறதா இருந்தாலும் சத்தம் போடாம பண்ணு. வெயில் காலத்துல ஹென்றி நிஜமாவே அந்தத் தொட்டியில இறங்கிக் குளிச்சிருக்காரு.

குகையில எனக்குப் பிடிச்சது சிலை இல்ல, ஜன்னல். பாறையில ஒழுங்கில்லாத ஒரு ஓட்டை, அது வழியா பாத்தா ஏரி மட்டம் நம்ம கண்ணு மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ, அந்தப் பக்கம் கரையும் ஊரும் சின்னதாத் தெரியும். இருட்டுல நின்னு வெளிச்சத்தைப் பாக்கிறோம். நாம விட்டுட்டு வந்த உலகம் அங்க இருக்கு, நாம இங்க இருக்கோம். அடுத்த அறையில ஆத்து தெய்வம், கையில ஜாடியைச் சாய்ச்சுக்கிட்டு, ஸ்டவர் ஆறே அவர் ஜாடியிலேருந்துதான் கிளம்புதுங்கிற கணக்குல உக்காந்திருப்பாரு, அவர் பக்கத்துலேருந்து படி ஏறி வெளிய வந்தா கண்ணு கூசும்.

அடுத்து ஒரு கூரை வேய்ஞ்ச காத்திக் குடிசை, அதைத் தாண்டினா இவ்வளவு நேரமா ஆட்டம் காட்டின அந்த வெள்ளைக் கோயில், பாந்தியன். ரோம்ல இருக்கிறதோட குட்டி வடிவம், முன்னாடி தூண் வரிசை, பின்னாடி குவிமாடம், 1753-ல ஆரம்பிச்சது. உள்ள மைக்கேல் ரைஸ்பிராக் செதுக்கின ஹெர்குலிஸ், பளிங்குல, தோள் அகலத்தைப் பாத்தா பயமா இருக்கும், லண்டன்ல குத்துச்சண்டை போட்ட பல ஆளுங்களோட உடம்பைப் பாத்து ஒவ்வொரு பாகமா எடுத்துச் சேர்த்தாருன்னு அந்தக் காலத்துலயே பேச்சு இருந்துச்சு. ஆனா அங்க வந்து கட்டாயம் பண்ண வேண்டியது ஒண்ணு, சிலைக்கு முதுகு காட்டித் திரும்பி நிக்கிறது. தூணுக்கு நடுவுல ஏரி முழுக்க விரிஞ்சிருக்கும், அக்கரையில அஞ்சு வளைவு வச்ச கல்பாலம், அதுக்குப் பின்னாடி ஊரு, சர்ச், வலது பக்கம் மேட்டுல வட்டமா இன்னொரு கோயில். இவ்வளவு நேரம் நாம ஏங்கின இடத்துல நின்னுக்கிட்டு, நாம கிளம்பின இடத்துக்கு ஏங்க ஆரம்பிச்சிடுவோம்.

அந்தப் பாலம் 1762-ல கட்டினது, இத்தாலியில விச்சென்ஸாவுல பலாடியோன்னு ஒரு ஆர்க்கிடெக்ட் கட்டின பாலத்தைப் பாத்து. மேல நடைபாதையே போடல, புல் வளர்த்து விட்டிருக்காங்க. வண்டி போக ஆள் போக அது அவசியமே இல்ல. ஏரி அங்க முடிஞ்சுபோகாம ஆறா மாறி ஊருக்குள்ள ஓடுதுன்னு கண்ணு நம்பணும், அதுக்காகக் கட்டினது. ஹென்றி மகளுக்கு எழுதின கடிதத்துல, பாலமும் ஊரும் சர்ச்சும் சேர்ந்து தண்ணியோட கோடியில அழகான ஒரு காஸ்பார் படம் மாதிரி இருக்கும்னு சந்தோஷமா எழுதியிருக்காரு. காஸ்பார்னா அவருக்குப் பிடிச்ச ஓவியர் காஸ்பார் டூகே. இன்னொரு ஓவியர் கிளாட் லொரேன், அவர் வரைஞ்ச 'டெலோஸ் தீவில் ஈனியஸ்' படம் லண்டன் நேஷனல் கேலரில இருக்கு, 1672-ல வரைஞ்சது, அதுலயும் பாந்தியன் மாதிரி ஒரு கோயில், தண்ணி, பாலம், தூண் வச்ச கட்டடம் எல்லாம் இருக்கும், ஸ்டவர்ஹெட் பாத்துட்டு அது முன்னாடி போய் நின்னா கொஞ்ச நேரம் நகர மாட்டீங்க. ஹோர் குடும்பத்து பேங்க்கும் அதே 1672-லதான் ஆரம்பமாச்சு, தற்செயல்தான், ஆனா எனக்கு அதை நினைக்கப் பிடிக்கும்.

கடைசியா அப்பல்லோ கோயில். இதுக்கு மூச்சு வாங்க ஏறணும், நடுவுல ஊர் ரோடு குறுக்க வரும், அதுக்கு மேல பாறையால ஒரு பாலம் போட்டு ரோடே தெரியாம பண்ணியிருக்காங்க, இறங்கும்போது ரோட்டுக்கு அடியில குகை மாதிரி வழி. கோயில் 1765, லெபனான்ல பால்பெக் இடிபாட்டுல இருக்கிற வட்டக் கோயிலைப் பாத்துக் கட்டினது, தூணுக்கு மேல ஓடுற விளிம்பு உள்ளே வெளியே நெளிஞ்சு நெளிஞ்சு போகும். ஜேன் ஆஸ்டின் கதையை வச்சு 2005-ல எடுத்த படத்துல மழையில நனைஞ்சு நாயகன் காதலைச் சொல்லித் திட்டு வாங்குறது இந்தத் தூணுக்கு நடுவுலதான், அதைப் பாத்துட்டு இன்னைக்கும் நிறைய ஜோடிங்க அங்க ஏறி வர்றாங்க. அவங்க வர்றது சரியான இடம்தான்னு எனக்குப் படுது. நடந்து வந்த வழி மொத்தமும் அங்கேருந்துதான் தெரியும், இவ்வளவு நேரம் துண்டு துண்டாப் பாத்ததை அப்பதான் ஒண்ணாச் சேர்த்துப் பாக்கிறோம்.

ஹென்றிக்கு மரமும் பெயின்ட்தான். அந்தக் காலத்துல அவர்கிட்ட பேசினவங்க குறிச்சு வச்ச ஒரு யோசனை உண்டு: பச்சைங்களைப் பெரிய பெரிய திட்டாச் சேர்க்கணும், ஓவியத்துல நிழல் போடுற மாதிரி, கரும்பச்சைத் திட்டுக்கு எதிர்ல வெளிர்பச்சைத் திட்டு, கரும்பச்சைக்குள்ளயே அங்கங்க கொஞ்சம் வெளிர்பச்சை தெளிச்ச மாதிரி. பூ கிடையாது, பச்சை மட்டும். அவர் காலத்துத் தோட்டம் இப்ப இருக்கிறதைவிட ரொம்ப அமைதியான நிறத்துல இருந்திருக்கும். இன்னைக்கு மே மாசம் போனா கரையெல்லாம் சிவப்பும் ஊதாவுமா ரோடோடென்ட்ரான் எரியும், அது பேரன் காலத்துல ஆரம்பிச்சு அதுக்கப்புறம் வந்தவங்க வளர்த்தது. அக்டோபர் கடைசியில அசேலியா, மேப்பிள் எல்லாம் பழுத்துத் தண்ணியில தெரியும். இதெல்லாம் ஹென்றி கணக்குல இல்லாத நிறம்னு குறை சொல்றவங்க இருக்காங்க. எனக்கும் மே மாசக் கலர் கொஞ்சம் அதிகம்தான், கண்ணு கோயிலுக்குப் போகாம பூவுலயே நின்னுடுது. இலை உதிர்ந்த டிசம்பர்லயோ, இல்ல இலை துளிர்க்கிற ஏப்ரல்லயோ போய்ப் பாருங்க, அவர் சொன்ன பச்சைத் திட்டும் நிழலும் அப்ப தெளிவாப் புரியும்.

இப்ப ஹென்றியோட வாழ்க்கையைப் பத்திச் சொல்லணும், இது தெரியாம நான் பாத்த ஸ்டவர்ஹெட் வேற, தெரிஞ்சப்புறம் பாத்த ஸ்டவர்ஹெட் வேற. முதல் மனைவி ஆன் கல்யாணமான கொஞ்ச நாள்ல, 1727-ல, பிரசவத்துல போயிட்டாங்க. ரெண்டாவது மனைவி சூசன் 1743-ல. ஃப்ளோரா கோயில் ஆரம்பிச்சது அடுத்த வருஷம். இவர் ரொம்ப நம்பி வளர்த்த மகன் வாலிப வயசுல நேப்பிள்ஸ்ல நோய்வாய்ப்பட்டு இறந்துட்டான், எந்த இத்தாலியைப் பாத்து இவர் மயங்கினாரோ அதே இத்தாலியில. அதுக்கப்புறம்தான் ஏரியும் பாந்தியனும். மகள் ஆன் 1759-ல, கடைசியா மிச்சமிருந்த மகள் சூசன்னா 1783-ல. பெத்த பிள்ளைங்க எல்லாரையும் அனுப்பி வச்சிட்டு 1785-ல, எண்பது வயசுல, தானும் போனாரு. இந்தச் சாவுக்காக இந்தக் கோயில்னு அவர் எங்கயும் எழுதி வைக்கல, நானும் அப்படிக் கோடு இழுக்க மாட்டேன். ஆனா பாதாளத்துக்குள்ள இறங்கி அப்பாவைத் தேடுற ஒருத்தன் கதையிலேருந்து ஒரு வரியை எடுத்து முதல் கோயில் வாசல்ல செதுக்கினவருக்கு, குகைக்குள்ள நின்னு வெளிச்சத்துல இருக்கிற ஊரைப் பாக்கிற மாதிரி ஒரு ஜன்னல் விட்டவருக்கு, இழந்தவங்களோட நினைப்பு இல்லாமலா இருந்திருக்கும்? அங்க நடக்கும்போது எனக்கு எப்பவும் அந்த எண்ணம் வரும்.

காசு எங்கேருந்து வந்துச்சுன்னும் பேசித்தான் ஆகணும். ஃப்ளீட் ஸ்ட்ரீட்ல இன்னைக்கும் அதே குடும்பம் நடத்துற பேங்க் அது. 1720-ல சவுத் ஸீ கம்பெனி பங்கு வானத்துக்கு ஏறித் தரையில விழுந்தப்ப ஆயிரக்கணக்கானவங்க நடுத்தெருவுக்கு வந்தாங்க, ஹோர் பேங்க் சரியான நேரத்துல வித்து நல்ல லாபம் பாத்துச்சு. அந்த சவுத் ஸீ கம்பெனி, ஸ்பெயினோட அமெரிக்க நாடுகளுக்கு ஆப்பிரிக்க மனுஷங்களை அடிமையா ஏத்திட்டுப் போய் வித்த கம்பெனி. இந்தப் புல்மேட்டுக்கு அடியில அதுவும் கிடக்கு. இந்த மாதிரி தோட்டங்களுக்காக ஊரையே தூக்கின கதையும் உண்டு, ஆக்ஸ்ஃபோர்ட் பக்கத்துல நியூனம் கோர்ட்னேல பார்வைக்கு இடைஞ்சல்னு 1760-கள்ல ஹார்கோர்ட் பிரபு பழைய கிராமத்தை இடிச்சு ஆளுங்களைத் தள்ளி ரோட்டோரத்துல குடியேத்தினாரு. ஸ்டவர்ட்டன்ல ஹென்றி ஊரை மறைக்காம, அதையே படத்தோட நடு இடத்துல வச்சாரு, இது எனக்கு அவர் மேல மரியாதையைக் கூட்டுது. சர்ச்சும் குடிசைகளும் சத்திரமும் இல்லாம அந்தப் பாலத்துக் காட்சி செத்துப்போயிடும். அழகைப் பாத்து மயங்குறதும், அது எந்தக் காசுல வந்துச்சுன்னு தெரிஞ்சு வச்சுக்கிறதும் ஒரே மனசுல இருக்கலாம், இருக்கணும்.

அந்தப் பாலத்துக்குப் பக்கத்துல உயரமா ஒரு கல் கோபுரம் பாப்பீங்க, மாடத்துல ராஜாக்கள் சிலையோட. அது பிரிஸ்டல் ஊர் நாற்சந்தியில நின்ன 14-ம் நூற்றாண்டுச் சிலுவை, போக்குவரத்துக்கு இடைஞ்சல்னு ஊர்க்காரங்க கழட்டிப் போட்டாங்க, ஹென்றி அதை வாங்கிட்டு வந்து 1765-ல இங்க நிறுத்தினாரு. கிரேக்கக் கோயிலுக்கு எதிர்ல இங்கிலீஷ் சிலுவை, எப்படி ஒட்டுமோன்னு தோணும், நேர்ல நல்லாவே ஒட்டுது.

பேரன் ரிச்சர்ட் கோல்ட் ஹோர்கிட்ட சொத்து வந்தப்ப ஒரு கண்டிஷன், பேங்க் பக்கமே தலை வைக்கக் கூடாது. பேங்க் ஒரு நாள் திவாலானா தோட்டமும் சேர்ந்து போயிடுமோங்கிற பயம் தாத்தாவுக்கு. பேரனுக்கும் துக்கம்தான் விதி, கல்யாணமாகி ரெண்டே வருஷத்துல 1785-ல மனைவி ஹெஸ்டர் இறந்துட்டாங்க, மனுஷன் இத்தாலி பக்கம் வருஷக்கணக்கா அலைஞ்சு திரிஞ்சு 1791-ல வீடு திரும்பினாரு. தாத்தா வச்சிருந்த துருக்கிக் கூடாரம், சீனக் குடை மாதிரி ஜிகினா சமாச்சாரத்தையெல்லாம் எடுத்துட்டு, பாதையைச் சரி பண்ணி, வெளிநாட்டு மரம் நிறைய நட்டாரு. வில்ட்ஷயர்ல பழங்காலப் புதைமேடுகளைத் தோண்டி ஆராய்ச்சி பண்ணினதுல இவர் பெரிய பேரு, அது தனிக் கதை.

அப்புறம் 1902-ல வீட்டோட நடுப்பாகம் தீப்பிடிச்சு எரிஞ்சுச்சு. அப்ப இருந்தவங்க, பேரனெட்ங்கிற பரம்பரைப் பட்டத்துல ஆறாவதா வந்த சர் ஹென்றி ஹோரும் மனைவி ஆல்டாவும், ரெண்டு பேரும் வீட்டைத் திரும்பக் கட்டி, கவனிப்பில்லாம கிடந்த தோட்டத்தையும் மீட்டாங்க. இவங்களுக்கு ஹாரின்னு ஒரே பையன். முதல் உலகப் போர்ல பாலஸ்தீனத்துல காயம்பட்டு 1917 டிசம்பர்ல அலெக்சாண்ட்ரியாவுல இறந்தான். வாரிசே இல்லாமப் போச்சு. 1946-ல வீடு, தோட்டம், நிலத்துல பெரும்பகுதி எல்லாத்தையும் பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்ட்டுக்குக் குடுத்துட்டாங்க. அடுத்த வருஷம் மார்ச் 25, கணவனும் மனைவியும் ஒரே நாள்ல, சில மணி நேர இடைவெளியில போய்ச் சேர்ந்தாங்க. இந்தத் தோட்டத்துல காதல் கதைன்னா எனக்கு மழையில நனைஞ்ச அந்தப் படக் காட்சியைவிட இதுதான் முதல்ல ஞாபகம் வரும், ஏன்னா இன்னைக்கு நாம உள்ள போய் நடக்க முடியுதுன்னா அது அவங்க ரெண்டு பேரும் எடுத்த முடிவு.

போறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். ஊர்ப் பக்கம் நுழைஞ்சு பாலத்துகிட்ட போய், போட்டோவுல பாத்த அதே இடத்துல நின்னு கிளிக் பண்ணிட்டுத் திரும்பிடற கூட்டம் ரொம்ப அதிகம். அந்தக் காட்சி அற்புதம், மறுக்கல, ஆனா அதுல ஆரம்பிச்சா ஹென்றி நாப்பது வருஷம் பாடுபட்டு மறைச்சு வச்சதை முதல் நிமிஷத்துலயே பாத்துடறோம். மேல வீட்டுகிட்ட போயிடுங்க, அங்கேருந்து மரத்து வழியா இறங்குங்க, ஃப்ளோரா, குகை, பாந்தியன், அணை, அப்பல்லோ, கடைசியாப் பாலம். ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க, குகைக்குள்ள கல்லு ஈரமா இருக்கும், நல்ல ஷூ போட்டுக்கோங்க. கால்ல இன்னும் தெம்பு இருந்தா, கார்ல கொஞ்ச தூரம் தள்ளிப் போய் ஆல்ஃபிரட் டவரையும் பாத்துடுங்க, 1772-ல முடிஞ்ச முக்கோணச் செங்கல் கோபுரம், கிட்டத்தட்ட 49 மீட்டர் உயரம், 205 படி, எல்லா நாளும் மேல விட மாட்டாங்க, கிளம்பறதுக்கு முன்னாடி திறந்திருக்கான்னு கேட்டுட்டுப் போங்க.